கொடுவாச் செவுளும் எங்கள் வீட்டுக்காரர் கையும்

மீன் வெட்டிக் கொடுக்கிற தொழிலில் கைக்கு இருக்கிற வேலையைவிடக் காதுக்கு இருக்கிற வேலைதான் அதிகம். மீமிசல் மீன் கடையில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தால், மீன் பேசாது என்பதால் அதற்கும் சேர்த்து வாங்க வந்தவர்கள் பேசுவார்கள். சின்னதாக வெட்டு என்பார்கள். வெட்டிக் கொடுத்ததும், ஏன் இவ்வளவு சின்னது என்பார்கள். தையல் மெஷினோ, இட்லிக் கடையோ, நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற யாருக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே போன ஆள் திரும்பி வருகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டே சோறு வடிக்கிறவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் ஒரே கூட்டம்.

நான் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும்தான். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் காளிமுத்து, அவருடைய சித்தப்பா மகன் சேகரோடு சின்ன வள்ளத்தில், ஆறு கடலில் சேருகிற ஆற்று வாய்க்குப் போய்த் தூண்டிலில் கொடுவா மீன் பிடிக்கிறவர். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போவதெல்லாம் பெரிய போட்டுக்காரர்களைத்தான். எங்கள் வள்ளத்திலிருந்து பார்த்தால் கரையில் காயப்போட்ட வேட்டி தெரியும். இருந்தாலும் யாரையாவது பிடித்துவிட்டதாகச் சேதி வந்தால் நான் ஓடிப்போய் எங்கள் வள்ளத்தைத் தேடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிற கதைகள் இவை.

மீனுக்குள் மீன்

கொடுவாய்க்குப் பெரிய பல் கிடையாது. வாய் உள்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது கடித்துத் தின்கிற மீன் இல்லை. இரைக்குப் பக்கத்தில் போய் வாயை ‘டப்’பென்று திறக்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். தன் உடம்பில் பாதி நீளம் இருக்கிற மீனையே முழுசாக விழுங்கும்.

ஆவுடையார்கோவிலில் இருந்து ஒரு அம்மா, சம்பந்தி வீட்டு விருந்துக்கென்று பெரிய கொடுவாயாகப் பார்த்து வாங்கி என்னிடம் வெட்டக் கொடுத்தார். வயிற்றைக் கீறினேன். உள்ளே ஒரு மடவை மீன், செதில்கூட உதிராமல், இப்போதுதான் உள்ளே போய்ப் படுத்த மாதிரி கிடந்தது. பூனைக்கு ஆகும் என்று ஓரமாக ஒதுக்கினேன். அதுவரை போனில் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, அதையும் கழுவி வெட்டிக் குடு. அதுவும் சேந்துதானே தராசுல ஏறுச்சு?”

பிளேடு

கொடுவாயிடம் பயப்பட வேண்டியது வாய்க்கு இல்லை, செவுளுக்கு. செவுளை மூடியிருக்கிற தகட்டின் ஓரம் சவரம் பண்ணுகிற பிளேடு மாதிரி இருக்கும். அதனால் கொடுவாயைத் தூக்குகிறவர்கள் கட்டை விரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். ஊரில் யாராவது செவுள் பக்கம் கையைக் கொண்டுபோனால், “கை ஒனக்கு வேணுமா வேணாமா?” என்று சத்தம் போடுகிற ஆளே எங்கள் வீட்டுக்காரர்தான்.

அந்த ஆள், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து நின்றார். துண்டு முழுக்க ரத்தம். கேட்டதற்கு, “கொடுவாச் செவுளு பட்டுருச்சு” என்றார். எப்படி என்று கேட்டால், ரோட்டில் ஆட்டோ வருகிறதா என்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். உள்ளங்கையில், சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே, நல்ல ஆழம். இவருக்குச் சர்க்கரை வேறு உண்டு. தண்ணீர் படக்கூடாது, கவனிக்காவிட்டால் ரெண்டு விரலையும் எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். என் காதில் ‘எடுக்க’ மட்டும்தான் விழுந்தது. ஓடுகிற கொடுவாயை இழுத்து நிறுத்துவது அந்த ரெண்டு விரலும்தான். அவை போனால் இவர் கரையில் உட்கார்ந்து வெயிலைப் பார்க்க வேண்டியதுதான். கரையில் உட்கார்ந்து இவரால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் கடையில் கத்தியைத் தீட்டுவதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தேன். பக்கத்து அருவாமனையில் உட்காருகிற ரெஜினா அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மல்லிகா, டாக்டரு ‘கவனிக்காட்டி’ன்னுதானே சொன்னாரு? ஒன்னைய வீட்டுல வச்சுக்கிட்டு ஒரு மனுசன் கவனிக்காம இருக்க முடியுமா?”

ஆணாகப் பிறந்து

மீன்வளக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒன்று லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தது. மீன் வாங்க வந்த இடத்தில், நான் வழித்துப் போட்ட குடலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. மூக்கைப் பொத்தாத வாடிக்கைக்காரர்களை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை. அதனால் எனக்குப் பிடித்துப்போய், ரொம்ப நாளாக மனதில் இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். சின்னக் கொடுவாயை வெட்டினால் உள்ளே பால் போல வெள்ளைதான் இருக்கிறது. பெரிய கொடுவாய் எதை வெட்டினாலும் மஞ்சள் சினைதான். அப்படியானால் பெரிய ஆண் மீன்கள் எல்லாம் தூண்டிலில் மாட்டாமல் தப்பிக்கிற சூட்சுமம் கற்றிருக்கின்றனவா?

அது சிரித்தது. “இல்லைங்க்கா. கொடுவா எல்லாமே மொதல்ல ஆண்தான். ஆறு, கண்மாய்னு உள்ள ஏறி வந்து வளரும். சில வருசம் ஆணா இருந்துட்டு, பெருசானதும் பொண்ணா மாறிரும். அவ்வளவு முட்டையைச் சுமக்கப் பெரிய ஒடம்பு வேணும்ல? முட்டை விடுறதுக்கு மட்டும் உப்புத் தண்ணி வேணும், அதான் மழைக்கு ஆத்து வாயில வந்து கூடுது” என்றது. கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை காலம் நான் வயிற்றைக் கீறிய பெரிய மீன் எல்லாம் தாய்தானா? ரெஜினா அக்கா செதில் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “பாவம், ஆம்பளையா இருந்து பாத்துருக்கு. ஒத்துவரலைன்னதும் மாறிக்கிருச்சு.”

தூக்குவாளி

எங்கள் மகள் வினோ அப்போது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். மாசம் நிறைந்த பிள்ளையைக் குனிந்து நிமிர விடக்கூடாது. நான் கடைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே எங்கள் வீட்டுக்காரர் சமையல் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கட்டுப்போட்ட வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு இடது கையால் குழம்பு கிண்டுவார். பார்ப்பதற்கு, அடுப்பு அவரைக் கைது செய்து வைத்திருக்கிற மாதிரி இருக்கும். உப்பு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. மத்தியானம் எனக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார்.

ரெஜினா அக்கா சும்மா இருப்பாரா? கல்லூரிப் பிள்ளை சொன்ன சேதி ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள்வரை போய்விட்டது. பாண்டி என்கிற ஆள், கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகாதவன், தூக்குவாளியோடு வந்தவரைப் பார்த்து நாலு பேர் கேட்கிற மாதிரி, “என்னண்ணே, கொடுவா மாதிரி மாறிட்டீங்க போல?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கடலுக்குப் போக முடியாத ஆளின் மனதில் இது எங்கே போய்க் குத்துமோ என்று அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் தூக்குவாளியை என் பக்கத்தில் வைத்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “ஆமாடா. ஆனா அது நல்லா வளந்த மீனுக்குத்தான் முடியும். நீ இன்னும் குஞ்சு. போ, கண்மாய்ல போயி வெளையாடு.”

மோந்து பார்த்தது

நல்ல மீனா என்று பார்க்க எங்களுக்கு மூன்று வேலை உண்டு. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்போம். சதையை விரலால் அமுக்கி, குழி எழும்புகிறதா என்று பார்ப்போம். கடைசியில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்ப்போம். இந்தப் பழக்கம் என்னை அறியாமல் அவர் கைக்கும் போய்விட்டது. தினமும் காலையில் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களின் நிறத்தைப் பார்ப்பேன். அமுக்குவேன். மோந்து பார்ப்பேன். “என்னைய ஏலத்துக்கு விடப் போறியா?” என்பார் அவர். வினோ தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் வாடை மாறியிருந்தது. மருந்து வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. வெளியே பளபளவென்று இருந்து, உள்ளே கெட ஆரம்பித்த மீனுக்கு வருகிற வாடை. “மருந்து அப்படித்தான் இருக்கும், போ” என்றார். வினோ மோந்து பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளுக்கு அப்போது எல்லா வாடையும் ஒன்றுதான். நான் விடவில்லை. கடையை ரெஜினா அக்காவிடம் விட்டுவிட்டு, திட்டிக்கொண்டே வந்த மனுசனை பஸ்ஸில் ஏற்றி அறந்தாங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டைப் பிரித்தார்கள். தையலுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. உடனே திறந்து சுத்தம் பண்ணி, வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நர்சம்மா கேட்டார். அவரும் எங்கள் கடையில் மீன் வாங்குகிறவர்தான். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார்: “இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தா வெரலு இல்லைக்கா. ஆனா மோந்து பாத்ததை வெளிய சொல்லிறாதீங்க, நாளைக்கு வார்டு பூரா ஆளாளுக்கு மோந்துக்கிட்டுத் திரிவாங்க.”

யாரோ ஒருவர் விரதம்

அவர் வார்டில் இருந்த நாட்களில் ஒரு காலை, சேகர் ஒரு கொடுவாயைக் கொண்டுவந்து போட்டார். வெட்டும்போது செவுளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. “இந்தச் சனியன்தானே அவுகளை இப்படிப் படுக்கப் போட்டுச்சு” என்று ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். சேகர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “அண்ணி, இது ஒண்ணும் பண்ணலை. பண்ணது கடல்லதான் இருக்கு” என்றார்.

“கடல்லயா? பிடிச்ச மீன் எப்படிக் கடல்ல இருக்கும்?”

“அண்ணன் விட்டுட்டாரு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு. நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவள் புருஷன் உயிரைக் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கம் வழக்கம். மீன்காரன் வீட்டில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? அதனால் இவராக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சாதாரண மீனைப் பிடிப்பது, சினையோடு இருக்கிற கொடுவாயை மட்டும் விட்டுவிடுவது. வினோ வந்ததில் இருந்து இதுதான் நடந்திருக்கிறது. சினைக் காலத்தில் மீனே படவில்லை என்று இவர் சொன்னதையெல்லாம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கை கிழிந்த அன்றைக்குப் பட்டது பெரிய மீன். வள்ளத்தில் தூக்கிப் போட்டால் சினை கலங்கும் என்று, தண்ணீரிலேயே வைத்து, இடது கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கி, வலது கையால் தாடையைப் பிடித்து, களைப்புத் தீரட்டும் என்று முன்னும் பின்னும் ஆட்டிவிட்டிருக்கிறார். தெளிந்ததும் அது ஒரு உதறு உதறியது. கை தாடையில் இருந்து செவுளுக்கு வழுக்கியது. மீன் போய்விட்டது.

நான் அருவாமனையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அது மாப்பிள்ளை இருக்க வேண்டிய விரதம், மாமனாருக்கு என்ன வந்தது என்று கத்தினேன். சேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “நானும் அதைத்தான் கேட்டேன் அண்ணி. ‘மாப்ள அங்கிட்டு ஓட்டல்ல கோழி வெட்டுற வேலையில நிக்கிறாருடா, பாவம், அவரால முடியாது. நம்ம வீட்டுக்கு ஒரு ஆளாவது விரதம் இருக்கணும்ல’ன்னாரு.”

பேத்தி பிறந்த நேரம்

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். “இடது கை நல்லாத்தானே இருக்கு” என்றார். “பேசாம சாப்புடுங்க” என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அடுத்த உருண்டைக்கு அவராகவே வாயைத் திறந்தார்.

அவர் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் வினோவுக்கு வலி வந்தது. அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சம்பந்தியம்மாவும் எங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதால், வாடிக்கையாக மீன் வெட்ட வருகிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் கடைக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது. ஒரு தங்கச்சி வறுவலுக்கென்று கொடுத்த மீனை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார் வீட்டுக்காரர். அழுதுகொண்டே கேட்டேன், கேட்டுக்கொண்டே வெட்டினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் துண்டு எதுவும் இல்லை, எல்லாம் தூள். அந்தத் தங்கச்சி பையைத் திறந்து பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்: “பேத்தி பொறந்தா எல்லாரும் சீனிதாங்க்கா குடுப்பாங்க. நீங்க என் மீனைப் புட்டு வைக்கிற மாதிரி ஆக்கிக் குடுத்துருக்கீங்க. சரி விடுங்க, இன்னைக்குப் புட்டாவே தின்னுக்கிறோம்.”

ஆற்று வாய்

புண் ஆறியது. ரெண்டு விரலும் இருந்தன, ஆனால் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. இனி கடலுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் போகவில்லை. காலையில் எழுந்து ஆற்று வாய்ப் பக்கம் போவார், தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், திரும்பி வருவார். கேட்டால், “பாப்போம்” என்பார். இத்தனை நாள் இவர் போனால் கவலைப்பட்டவள், இவர் போகாததற்கு அதைவிட அதிகமாகக் கவலைப்பட்டேன். பேத்தியைத் தூக்கும்போதுகூட அந்தக் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டினார். கடைசியில் ஒரு நாள், “கெளம்புங்க, நானும் வாரேன்” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெண்கள் யாரும் அங்கே தூண்டில் போடப் போவதில்லை. சேகர்தான், “வள்ளம் வேணாம், கரையில நின்னே போட்டுப் பாப்போம்” என்று கூட்டிப்போனார்.

உயிர் இறால் ஒன்றை முள்ளில் கோத்து, சேகர் வீசிக்கொடுத்தார். தூண்டில் நரம்பை இவர் இடது கையில் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். நரம்பு விறைத்தது. நான் வெட்டாத கொடுவாயா? ஆனால் உயிரோடு ஒன்று மேலே எழும்பியதை அன்றுதான் பார்த்தேன். முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே, வாயைப் பிளந்து, தலையை இப்படியும் அப்படியும் உதறியது. கண் பொன்னாகத் தெரிந்தது, செவுள் ரெண்டும் கதவு மாதிரி அடித்துக்கொண்டன. “விட்டுப் பிடிண்ணே, விட்டுப் பிடி” என்று சேகர் கத்தினார். இவர் இடது கையில் நரம்பை விட்டு விட்டு இழுத்தார். முகத்தில் எத்தனை மாதம் கழித்து அந்தக் களை! மீன் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பழக்கத்தில் இவருடைய வலது கை தானாக அதன் தலைப் பக்கம் நீண்டது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கி அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடித்து என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன் என்று சேகர் சொல்கிறார். இவர் தடுமாறினார், நரம்பு தொய்ந்தது. மீன் இன்னொரு உதறு உதறி முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சேலை இடுப்புவரை நனைந்து நிற்கிற என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் இடது கையால் இறால் வாளியைப் பக்கத்தில் இழுத்து, இன்னொரு இறாலை எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சேகர்தான் சொன்னார்: “அண்ணி, அந்தக் கையைக் கொஞ்சம் விட்டாத்தானே எறாலை மாட்ட முடியும்? மீனுதான் போயிருச்சு, அண்ணன் எங்கிட்டும் போகலை.”

விட்டேன். மடங்காத ரெண்டு விரலும் இடுக்கி மாதிரி இறாலைப் பிடித்துக்கொண்டன. இடது கையால் முள்ளை ஏற்றி, அவரே வீசினார்.

இத்தனை வருசம் மீன் வெட்டிப் பிழைத்ததில் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: செத்த மீனிடம் நான் காட்டுகிற தைரியத்தில் கால்வாசிகூட உயிரோடு இருக்கிற எதனிடமும் எனக்குக் கிடையாது.